குளிரில் ஜிலேபி மீனுக்குக் கண் தெரியாமல் போகுமா?

கேள்வி (தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்): ஐயா, வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் குளத்திலும் சில பிளாஸ்டிக் தொட்டிகளிலும் ஜிலேபி, அதாவது மொசாம்பிக் திலாப்பியா வளர்க்கிறேன். ஜூனில் இங்கே குளிர்காலம் பிறந்ததிலிருந்து தீவனம் போட்டால் மீன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாய்க்கு முன்னால் மிதந்து போனாலும் விட்டுவிடுகிறது. சில மீன்களுக்குக் கண் வெள்ளையாகவும் இருக்கிறது. குளிரில் பார்வை போய்விட்டதா?

பதில்: தம்பி, தின்னாததும் கண் வெளுத்ததும் வேறு வேறு சங்கதி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள்.

குளிர் பார்வையைப் பாதிக்கும் என்பது உண்மைதான். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தை நரம்புச் செய்தியாக மாற்றுவது வேதிவினை. தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் மந்தமாகும். அதனால் வேகமாக நகரும் பொருள் மங்கலாகத் தெரியும். நம் டர்பன் கடலுக்கு அப்பால் பிடிபடும் வாள்மீனைப் பாருங்கள். அதன் கண் தசை ஒன்று இழுக்கும் வேலையை விட்டுவிட்டு அடுப்பு வேலை பார்க்கிறது. கண்ணையும் மூளையையும் சுற்றியுள்ள நீரைவிட 10 முதல் 15 டிகிரி சூடாக வைத்துக்கொள்கிறது. 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்தச் சூட்டினால் வேகமான அசைவைப் பிரித்துப் பார்க்கும் திறன் பத்து மடங்குக்கு மேல் கூடுவது தெரிந்தது. கணவாயை விரட்டிப் பிடிக்கிற மீனுக்கு அது தேவை.

உங்கள் ஜிலேபிக்கு அந்த அடுப்பு கிடையாது. ஆனாலும் சும்மா மிதக்கிற குச்சித் தீவனத்தைப் பார்க்க அவ்வளவு கூர்மை வேண்டியதில்லை. அது பார்க்கிறது, பசியில்லாமல் விடுகிறது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் இந்த மீன் தின்பது குறையும். 16 வாக்கில் ஏறக்குறைய நின்றேவிடும். 10, 12-க்கு இறங்கினால் சாகத் தொடங்கும். தெர்மாமீட்டர் இருக்கிறதா? கேள்வியில் எந்த அளவும் எழுதவில்லையே! விடிகாலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் அரை மீட்டர் ஆழத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். பிற்பகலில் 18-க்கு மேல் இருந்தால் அந்த நேரத்தில் ஒரு பிடி போடுங்கள். கால் மணியில் தின்று முடிக்காவிட்டால் மறுநாள் அதுவும் வேண்டாம். மிஞ்சிய தீவனம் அழுகி அம்மோனியா ஏறினால் குளிரைவிட அதுதான் சீக்கிரம் கொல்லும்.

இனி வெள்ளைக் கண். மாட்டின் கண் லென்ஸை 20 டிகிரிக்குக் குளிர வைத்தாலே பால்போல ஆகிவிடும், சூடேறினால் தெளியும். அண்டார்டிக் பல்மீனின் லென்ஸோ மைனஸ் 12-லும் தெளிவாகவே இருக்கிறது. உங்கள் மீனுக்கு என்ன என்று நீங்களே சோதிக்கலாம். இரண்டு மீனைக் காற்றுக்குழாய் போட்ட வாளியில் விட்டு வீட்டுக்குள் வையுங்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாமல் 24 வரை கொண்டு வாருங்கள். மீன் தின்னத் தொடங்கியும் கண் வெள்ளையாகவே இருந்தால் காரணம் குளிர் அல்ல.

அப்புறம், ஈரக்கையால் மீனைப் பிடித்து வெயிலில் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் பூஞ்சை. குளிரில் வலை போட்டு உரசிய மீனுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். மேல்தோல் தெளிவாக இருந்து கருவிழிக்கு உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கண்புரை, அல்லது கண்புழு. இந்தப் புழு நத்தையில் வளர்ந்து, மீன் கண்ணுக்குள் புகுந்து, மீனைத் தின்னும் பறவைக்குப் போகிறது. குளத்து ஓரத்தில் நத்தை நிறைய இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஓரத்துப் புல்லை வெட்டி நத்தையைப் பொறுக்குங்கள், நீர்க்காகம் இறங்காமல் மேலே வலை கட்டுங்கள். கண்ணே பிதுங்கியிருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். நீங்களாக மருந்து வாங்கி ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் உயிரோடு ஒரு மீனைக் காட்டுங்கள்.

தொட்டி மீனுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. இந்த ஜாதிக்குக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் இருந்தால் குளிர் தாங்கும். 1000 லிட்டருக்கு 5 கிலோ, அயோடின் சேர்க்காத உப்பு. இரண்டு மூன்று நாளில் பிரித்துக் கரையுங்கள். மண் குளத்தில் இதைச் செய்ய வேண்டாம், அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் போனால் கீரை கருகும். குளத்தில் ஒரு மூலையை இரண்டு மீட்டர் ஆழமாக வைத்தால் பனி விழுகிற இரவில் மீன் அங்கே ஒதுங்கும். விடிகாலையிலும் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கும் வரை வலை போடாதீர்கள், தரம் பிரிக்காதீர்கள்.