ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது கேரவன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. டர்பனில், சாட்ஸ்வர்த்தில் மனைவியோடும் இளைய மகளோடும் வசிக்கிறேன். தொழிற்சாலை வேலை, மாதச் சம்பளம் 38,000 ராண்ட். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஓராண்டு இருக்கிறது. 60 வயதில் ஓய்வு பெறுவேன். சேமநிதியில் சுமார் 9 லட்சம் ராண்ட், வங்கியில் 40,000 ராண்ட் இருக்கின்றன. வைல்டு கோஸ்ட்டில் தொடங்கி சிட்சிகாமா தேசியப் பூங்கா வரை கடலோரமாகவே போய், பாறைப் பாதைகளில் நடந்து, கிடைக்கிற மீனையும் நண்டையும் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அதற்காக 3.8 லட்சம் ராண்டுக்கு ஒரு புதிய கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு) பார்த்திருக்கிறோம். சேமநிதியின் சேமிப்புப் பகுதியில் உள்ள 30,000 ராண்டை எடுத்து முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதி 3.5 லட்சத்துக்கு ஆறு ஆண்டுக் கடன் வாங்க நினைக்கிறேன். முப்பது சதவீதத்தைக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் முறையை எடுத்தால் தவணை குறையும் என்கிறார் விற்பனையாளர். செப்டம்பர் விடுமுறைக்குள் வாங்கிவிடலாமா? மகன் வேண்டாம் என்கிறான்.

பதில்: மகன் சொல்வதுதான் சரி. ஆனால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. கேரவனை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசுமுன் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். போர்ட் ஷெப்ஸ்டன் தாண்டியதும் என்2 நெடுஞ்சாலை கடலை விட்டு விலகி, கோக்ஸ்டாட், உம்தாத்தா என்று உள்நாட்டு மேடுகள் வழியாகச் சென்று ஈஸ்ட் லண்டனில்தான் மறுபடி கடலைத் தொடுகிறது. நீங்கள் ஆசைப்படும் வைல்டு கோஸ்ட் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கடலோரமாகவே ஓடும் சாலை அங்கே கிடையாது. காபி பே, போர்ட் செயின்ட் ஜான்ஸ் போன்ற ஊர்களுக்கு நெடுஞ்சாலையிலிருந்து கிளைச் சாலையில் இறங்கி, பார்த்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும். குழிகளும் வளைவுகளும் நிறைந்த சாலைகள் அவை. மாடும் ஆடும் நடுச்சாலையில் படுத்திருக்கும். கேரவனை இழுத்துக்கொண்டு போகவே முடியாது என்று சொல்லமாட்டேன், போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்னும் கடன் தீராத புது வண்டியை அங்கே இழுத்துப் போக யாருக்கும் நான் யோசனை சொல்வதில்லை. அந்தக் கரையில் நடக்க விரும்புகிறவர்கள் காரை ஓரிடத்தில் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, வழியில் உள்ள கிராமத்து வீடுகளில் இரவு தங்கி நடக்கிறார்கள். அதற்குக் கேரவன் தேவையே இல்லை.

சிட்சிகாமா வேறு விதம். ஸ்டோர்ம்ஸ் ரிவர் மவுத்தில், தேசியப் பூங்காவுக்குள்ளேயே, அலை வந்து பாறையில் மோதும் இடத்துக்குப் பக்கத்தில் கேரவனை நிறுத்தலாம். தொங்கு பாலம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. புகழ்பெற்ற ஆட்டர் டிரெயில் ஐந்து நாள் நடை. அதற்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதன் தொடக்கத்தில் அருவி வரை உள்ள சுமார் மூன்று கிலோமீட்டரை அன்றாடப் பார்வையாளர்களும் நடக்கலாம். தூரத்தைப் பார்த்து எளிது என்று எண்ணிவிடாதீர்கள், பாதி வழி பாறைமேல் தாவித்தான் போக வேண்டும். ஆக, நீங்கள் ஒன்றாக எண்ணியிருப்பவை உண்மையில் இரண்டு பயணங்கள். அவற்றில் ஒன்றுக்குத்தான் கேரவன் உதவும்.

இனி கடன். வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3.5 லட்சத்துக்கு 72 மாதத் தவணை, மாதம் சுமார் 6,843 ராண்ட். வட்டி மட்டும் ஏறக்குறைய 1.43 லட்சம். விற்பனையாளர் சொல்லும் முறையில் தவணை 5,840 ஆகக் குறையும், அது உண்மை. ஆனால் மொத்த வட்டி சுமார் 33,000 ராண்ட் கூடும். அதற்கும் மேல், உங்கள் 63ஆம் வயதில் 1,05,000 ராண்டை ஒரே தடவையில் கட்ட வேண்டும். அப்போது சம்பளம் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும்.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். ஓய்வின்போது 9 லட்சத்தையும் லிவிங் ஆனுவிட்டியில், அதாவது முதலீட்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் ஓய்வூதியக் கணக்கில் போட்டு, ஆண்டுக்கு 5 சதவீதம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் 2.5 முதல் 17.5 சதவீதம் வரை எடுக்க அனுமதிக்கிறது. உங்கள் வயதில் 5க்கு மேல் போவது ஆபத்து. 5 சதவீதம் என்றால் மாதத்துக்கு 3,750 ராண்ட். தவணையோ 6,843 ராண்ட். இன்னும் மூன்று ஆண்டுகளில் நிதி கொஞ்சம் வளரும்தான், அப்படியும் இந்த இடைவெளி அடைபடாது. வீட்டுக் கடனை முடித்துவிட்டு ஓய்வுக்குப் போகும் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். அதைச் சக்கரம் வைத்த ஒரு அறைக்காக இழக்க வேண்டாம்.

சேமநிதியின் 30,000 பற்றி. கட்டும் பணத்தைச் சேமிப்புப் பகுதி, ஓய்வுப் பகுதி என்று பிரிக்கும் இரு பகுதி முறை 2024 செப்டம்பர் 1 முதல் வந்தது. அதில் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை பணம் எடுக்கலாம் என்பது சரி. ஆனால் எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். உங்கள் சம்பளத்துக்கு அது 31 சதவீதம். வரி 9,300 போக, நிதியின் கட்டணத்துக்கு முன் கைக்கு வருவது 20,700. பழைய வரிப் பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். முன்பணத்தில் குறையும் அந்த 9,300ஐ கிரெடிட் கார்டில் தேய்ப்பீர்களா? இதே பணத்தை ஓய்வு வரை விட்டுவைத்தால், மொத்தமாக எடுக்கும் தொகையில் முதல் 5.5 லட்சம் ராண்டுக்கு வரியே இல்லை, அந்தச் சலுகையை இதற்கு முன் வேறெங்கும் பயன்படுத்தாதிருந்தால். மூன்று ஆண்டு பொறுமைக்கு இதைவிட நல்ல கூலி கிடைக்காது.

"வாடகைக்கு எடுத்தால் காசு வீண், வாங்கினால் சொத்து" என்று உறவினர் யாராவது சொல்லியிருப்பார்கள். ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பார்ப்போம். தவணை ஆண்டுக்கு 82,000. காப்பீடு, உரிமம், பராமரிப்பு, வீட்டில் இடமில்லாவிட்டால் நிறுத்துமிட வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 1,500 என்று குறைவாகவே போடுகிறேன். மொத்தம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். ஆறு ஆண்டு கழித்து 1.8 லட்சத்துக்கு விற்றுவிடுவீர்கள் என்று ஆண்டுக்கு 30,000 கழித்தாலும் 70,000 நிற்கிறது. சட்டப்படியான குறைந்தபட்ச விடுப்பு 21 நாள். அதில் ஒரு நாளைக்கூட உறவினர் கல்யாணத்துக்கோ காவடிக்கோ செலவழிக்காமல் முழுவதையும் கேரவனிலேயே கழித்தாலும், ஓர் இரவுக்குச் சுமார் 3,300 ராண்ட் ஆகிறது. முகாம் கட்டணமும் எரிபொருளும் தனி. வாடகைக் கேரவன் இரவுக்கு 900 என்று நான் கணக்குப் போட்டேன். நீங்கள் மூன்று இடங்களில் விசாரித்து அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். அது இரண்டு மடங்கானாலும் முடிவு மாறாது.

ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு அறுபது இரவு வெளியில் தங்குவீர்கள் என்றால் கதை வேறு. அப்போது பயன்படுத்திய கேரவன் ஒன்றைக் கடனில்லாமல் வாங்குங்கள். அதற்கான பணம் இப்போதே உங்களிடம் இருக்கிறது. மாதம் 6,843 கட்ட முடியும் என்று நீங்களே நம்புகிறீர்கள் அல்லவா? அதில் 4,000ஐ வட்டி தரும் கணக்கில் போடுங்கள். 7 சதவீதம் கிடைத்தால் 36 மாதத்தில் சுமார் 1.59 லட்சம் சேரும். 65 வயதுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 23,800 ராண்ட் வட்டிவரை வரி இல்லை என்பதால் இந்த வட்டிக்கும் வரி வராது. மிஞ்சும் 2,843 ஆண்டுக்கு 34,000 ராண்ட் ஆகும். அதுதான் உங்கள் பயணப் பணம். வங்கியில் இருக்கும் 40,000ஐத் தொட வேண்டாம். மகளின் படிப்பு முடியவில்லை, கார் கியர்பாக்ஸும் நம்மைக் கேட்டுக்கொண்டு பழுதாவதில்லை.

முதல் பயணத்தை இப்படிச் செய்யலாம். டர்பனிலிருந்து சிட்சிகாமாவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் கேரவனை இழுத்தால் எரிபொருள் எகிறும். நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் கார் 15 குடித்தால், போய்வர 110 லிட்டராவது கூடுதல். எனவே போர்ட் எலிசபெத்தில், அதாவது இன்றைய கெபேஹாவில், கேரவன் வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். போகும் வழியில் காபி பேயில் இரண்டு இரவு அறை எடுத்துத் தங்கி, ஹோல் இன் த வால் என்ற துளை விழுந்த கடற்பாறை வரை நடந்து வாருங்கள்.

செப்டம்பர் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறை நேரத்தில் முகாம்கள் நிரம்பும். தவிர, அந்த மாத நடுவில் புரட்டாசி பிறந்துவிடும். உங்கள் வீட்டில் விரதம் இருப்பவர்கள் என்றால், கடல் உணவுக்காகவே போகும் பயணத்தில் பருப்பும் கீரையுமாகத் திரும்புவீர்கள். ஆகஸ்ட் பின்பாதி நல்லது. ஆடிக் கூழ் முடிந்திருக்கும், கூட்டம் குறைவு, திமிங்கிலங்களும் கரையோரம் வரும் காலம். புரட்டாசி முடித்து அக்டோபரில் போனால், அந்த மாதமும் நவம்பரும் ஷாட் மீன் பிடிக்கத் தடை என்பதை நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க வழி உண்டு. ஜெஃப்ரீஸ் பே, செயின்ட் பிரான்சிஸ் பே பக்கம் சொக்கா என்று அழைக்கப்படும் கணவாய்தான் உள்ளூர்த் தொழில். மசாலாவை வீட்டிலிருந்து கொண்டுபோய் நீங்களே சமையுங்கள். சிப்பி பறிக்க ஆசை வந்தால் முதலில் அனுமதிச் சீட்டு எடுங்கள், சிட்சிகாமா பாதுகாக்கப்பட்ட கடல் என்பதால் அங்கே கை வைக்காதீர்கள். வைல்டு கோஸ்ட் கிராமங்களில் சிறுவர்கள் வாசலுக்கே கடல் இறால் கொண்டுவருவார்கள். சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைந்ததை மலிவு என்று வாங்கி மாட்டிக்கொண்டால், அபராதம் மொத்தச் சாப்பாட்டுச் செலவையும் விழுங்கிவிடும்.

கடைசியாக, முன்பதிவு செய்யுமுன் ஓட்டுநர் உரிம அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறும் பி வகை என்றால் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை இழுக்க உங்களுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலான கேரவன்கள் அந்த எடையைத் தாண்டும். உங்கள் வயதினர் பலரின் பழைய உரிமம் அட்டையாக மாறியபோது, அதைவிடக் கனமான வண்டியை இழுக்க அனுமதிக்கும் ஈபி வகை என்று பதிவாகியிருக்கும், அப்படியானால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஈபி ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டுத்தான் வாடகை முன்பணம் கட்ட வேண்டும். தகுதியில்லாத உரிமத்தோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம்.