நட்ட முடி கொட்டுகிறதே, சிகிச்சை வீணா?

கேள்வி: எனக்கு 31 வயது. முடிமாற்று அறுவை சிகிச்சையில் முன்நெற்றியில் 2,200 கிராஃப்ட் (பின்னந்தலையிலிருந்து பையோடு எடுத்த முடிக்கொத்து) நட்டு ஐந்து வாரம் ஆகிறது. தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் நட்ட முடி வேரோடு கையில் வருகிறது. எல்லாம் போய்விட்டதா டாக்டர்? எண்ணெய், மினாக்ஸிடில் (முடி வளர்ச்சி மருந்து) போடலாமா? ஹெல்மெட்?

பதில்: போகவில்லை. கையில் வந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். அடி நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை உருண்டை தெரியும். அதைத்தான் வேர் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். அது உதிரும் முடியின் அடிமுனை மட்டுமே. முடியை முளைக்கவைக்கும் பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. கிராஃப்ட்டே பிடுங்கி வரும் ஆபத்து முதல் பத்து நாளுக்குள்தான். வந்தால் அந்த இடத்தில் ரத்தம் கசியும்.

பின்னந்தலையிலிருந்து எடுத்ததும் அந்தப் பைகளுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. அந்த அதிர்ச்சியில் முடியை உதறிவிட்டு ஓய்வுக்குப் போகின்றன. இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை இப்படி உதிரும். பக்கத்தில் இருந்த பழைய முடியும் கொஞ்சம் கொட்டலாம். அதில் திடமானது திரும்பி வரும், ஏற்கெனவே மெலிந்துபோனது வராமலும் போகலாம்.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் பூனைமுடிபோல் மெல்லியதாக, சிலருக்குச் சுருண்டு, ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தி முளைக்கும். மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ.தான் வளரும். ஆறு மாதத்தில் பாதித் தோற்றம். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். உச்சந்தலையில் நட்டவர்களுக்கு 15 முதல் 18 மாதம்கூட ஆகும். அதனால் தினமும் கண்ணாடி பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் பக்கம், தலை ஈரமில்லாமல் ஒரு படம் எடுங்கள்.

முளைக்கும் சமயத்தில் சிறு பருக்கள் வரலாம். பிதுக்கக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி ஒற்றடம் போதும். சீழ், கடும் வலி, காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். மரத்த உணர்வு சில மாதம் இருக்கலாம்; வெயில் சுட்டாலும் தெரியாது, தொப்பி போடுங்கள்.

பொருக்கு முழுதும் உதிர்ந்திருந்தால் ஹெல்மெட் போடலாம், இறுக்கமாக மட்டும் வேண்டாம். எண்ணெய் வளர்ச்சியைக் கூட்டாது; வேண்டுமானால் தேய்க்காமல் லேசாகத் தடவுங்கள். மினாக்ஸிடிலை உங்கள் அறுவை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். முதல் சில வாரம் உதிர்வு கூடலாம், அதற்காக நிறுத்தாதீர்கள். நட்ட முடி பெரும்பாலும் நிலைக்கும், நட்ட வரிசைக்குப் பின்னால் இருக்கும் பழைய முடிக்கு அந்த உறுதி இல்லை. மருந்தை விட்டுவிட்டு, சில வருடத்தில் முன்வரிசை மட்டும் நிற்க அதன் பின்னே வழுக்கை விழுந்து வருகிறவர்கள் உண்டு. புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள்.

எட்டு மாதமாகியும் முளையே இல்லையென்றால் நேரில் காட்டுங்கள். ஒரு வருடம் முடியுமுன் இரண்டாவது முறை நடச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.