பார்கோடு ஒட்டியும் இருப்புக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: உலோக உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் எங்களுடையது. எல்லாப் பொருளுக்கும் பார்கோடு ஒட்டிவிட்டோம், ஸ்கேனரும் இருக்கிறது. ஆனாலும் கணினி காட்டும் இருப்பும் கிடங்கில் எண்ணினால் வருவதும் ஒத்துப்போவதில்லை. பல லேபிள்கள் ஸ்கேன் ஆவதே இல்லை. கியூஆர் கோடுக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு சிக்கலுமே கோடு எந்த வகை என்பதால் வருபவை அல்ல.

முதலில் உங்கள் லேபிளில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே வகை போல்ட் உள்ள நாற்பது பெட்டியிலும் ஒரே பொருள் எண்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடைக் கல்லாவுக்கு அது போதும். 1974-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கடை ஒன்றில் முதன்முதலாக சூயிங்கம் பாக்கெட் ஸ்கேன் ஆனபோது தெரிய வேண்டியிருந்தது பொருளும் விலையும் மட்டும்தான். கிடங்கில் அப்படி இல்லை. ஒரே பெட்டியை இரண்டு முறை ஸ்கேன் செய்தாலும், ஒன்றை விட்டுவிட்டாலும் கணினிக்குத் தெரிய வழியே இல்லை.

அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும், பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் (பேலட்) தனி எண் கொடுங்கள். ஆலைக்குள் வெறும் தொடர் எண் போதும். வாடிக்கையாளருக்குப் போகும் தட்டுகளுக்கு பார்கோடு எண்களுக்கு உலகளவில் தரம் வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்ணைப் (சரக்குத் தட்டு, பெட்டிகளுக்கான தனி அடையாள எண்) போடுங்கள், அது வேறு யாருடைய எண்ணோடும் மோதாது. என்ன பொருள், எந்த லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரானது), எத்தனை, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணினியில் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கட்டும். எத்தனை என்பதை மட்டும் பார்கோடுக்குள் போட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திறந்த மறுநிமிடம் அந்த லேபிள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கணக்கு உடையும் இடம் பெரும்பாலும் அங்கேதான். 1000 போல்ட் உள்ள பெட்டி உற்பத்திக்குப் போகிறது. 400 செலவாகிறது. மிச்சம் 600 சாயங்காலம் யாரோ ஒருவர் கையில் திரும்பி வருகிறது, அதுவும் வேறொரு டப்பாவில், லேபிள் இல்லாமல். பொருள் வெளியே போகும்போது எல்லோரும் ஒழுங்காக ஸ்கேன் செய்வார்கள், ஏனென்றால் செய்தால்தான் பொருள் கிடைக்கும். திருப்பித் தரும்போது அந்தக் கட்டாயம் இல்லை. திரும்பி வரும் பொருளுக்கென்று ஒரு மேசை போடுங்கள். அதில் எடை போட்டு எண்ணிக்கை காட்டும் தராசு, ஸ்கேனர், லேபிள் பிரிண்டர் மூன்றும் இருக்கட்டும். அதே பெட்டியில் வந்தால் பழைய எண்ணிலேயே அளவைத் திருத்துங்கள். டப்பா மாறியிருந்தால் புதிய எண் அச்சிட்டு, எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பதையும் பதியுங்கள். இல்லாவிட்டால் லாட் தடம் அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்தது கழிவு. முடிந்த பொருளின் எண்ணிக்கையை வைத்து மூலப்பொருளைத் தானாகக் கழிக்கும் மென்பொருள் என்றால், பழுதாகித் தூக்கிப்போட்டதைத் தனியாகப் பதியாதவரை கணினியில் இருப்பு உண்மையைவிட அதிகமாகவே காட்டும். கழிவுத் தொட்டி பக்கத்திலேயே ஒரு ஸ்கேனர் வையுங்கள். ஸ்கேனர் தூரத்தில் இருந்தால் வேலை நெருக்கடியில் யாரும் நடந்து வரமாட்டார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

ரேக் இடங்களுக்கும் பார்கோடு வேண்டும். இட எண்கள் ஓர் எழுத்திலும் பெட்டி எண்கள் வேறோர் எழுத்திலும் தொடங்கட்டும். பெட்டியைக் கேட்கும் இடத்தில் ரேக்கை ஸ்கேன் செய்தால் மென்பொருள் அங்கேயே மறுத்துவிடும். சின்ன ஏற்பாடுதான், ஆனால் நிறையத் தவறுகளை முளையிலேயே நிறுத்தும்.

இனி, ஸ்கேன் ஆகாத லேபிள்கள். மை ரிப்பன் இல்லாமல் வெப்பத்தாலேயே அச்சாகும் லேபிள் வெளிச்சத்தில் மங்கும், சூட்டில் கறுக்கும். எண்ணெய் படும் உங்கள் தொழிலுக்கு பாலியெஸ்டர் லேபிளும் ரெசின் (பிசின்) மை ரிப்பனும்தான் தாங்கும். கோடுகளின் இருபுறமும், மிக மெல்லிய கோட்டைப்போல் பத்து மடங்கு அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். இடம் போதவில்லை என்று பார்கோடு படத்தை இழுத்துச் சுருக்கக் கூடாது. 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.125 மில்லிமீட்டர். கோட்டின் அகலம் முழுப் புள்ளிகளாக வராவிட்டால் ஓரங்கள் பிசிறடிக்கும்.

அச்சில் மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்று, லேபிள் வெளிவரும் திசையிலேயே, எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். பிரிண்டர் தலையை நன்றாகத் துடைத்த பிறகும் வந்தால் அதில் சூடாகி அச்சிடும் புள்ளிகளில் ஒன்று செத்துவிட்டது. கோடுகளும் அதே திசையில் இருந்தால் ஒரு கோடு தேய்ந்து மொத்தமும் படிக்க முடியாமல் போகும். தலையை மாற்றும்வரை பார்கோடைக் கால் சுற்று திருப்பி அச்சிட்டுச் சமாளிக்கலாம். அப்போது கீறல் எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்டும், மேலோ கீழோ ஸ்கேன் செய்தால் படித்துவிடும்.

பெட்டிகளுக்கும் ரேக்குகளுக்கும் கோட் 128 என்ற வழக்கமான கோடு வகைப் பார்கோடே தாராளமாகப் போதும். உதிரிபாகத்தின் மேலேயே குறியிட வேண்டும் என்றால் மட்டும் கியூஆர் போலக் கட்டம் கட்டமாக இருக்கும் டேட்டா மேட்ரிக்ஸ் பக்கம் போங்கள். லேசரால் உலோகத்தில் பொறித்துவிடலாம், மிகச் சிறிய இடமே போதும். ஆனால் லேசர் ஸ்கேனர் அதைப் படிக்காது, படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வகை வேண்டும். கியூஆருக்கும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அடிக்கடி குளறுபடியாகும் ஒரு பிரிவை எடுத்து, சரக்கு நகர்வை நிறுத்தி, எண்ணி, புதிய லேபிள் ஒட்டி ஆரம்பியுங்கள். அப்புறம் தினமும் சில ரேக்குகளை மட்டும் எண்ணிச் சரிபாருங்கள். கணக்கு இடித்தால் உடனே எண்ணைத் திருத்திவிடாமல், கடைசியாக அந்தப் பெட்டி எங்கே நகர்ந்தது என்று முதலில் தேடுங்கள். ஒட்டும்போது பழைய லேபிள்களையும், சப்ளையர் ஒட்டி அனுப்பிய லேபிள்களையும் கிழித்துவிடுங்கள், அல்லது முழுக்க மறைத்துவிடுங்கள். ஒரு பெட்டியில் இரண்டு பார்கோடு இருந்தால் ஸ்கேனர் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.