தாத்தாவின் படை எண்

(படைப்பிரிவு ஒன்றின் ஆவண அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பரதராமியில் வசிப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் அம்மாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் இருந்தார். 1944இல் பர்மாவில் இறந்துபோனார் என்று பாட்டி சொல்வார். அவருடைய போட்டோகூட எங்களிடம் இல்லை. டில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதினால் அவருடைய பணிக்கோப்பு கிடைக்குமா?
வாசகி, சித்தூர்

பதில்: அம்மா, டில்லிக்கு எழுத உட்காருவதற்கு முன் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது தாத்தாவின் படை எண். பழைய மணியார்டர் துண்டு, பென்ஷன் ஆணை, இறப்புச் செய்தி வந்த கடிதம், களத்திலிருந்து வந்த தபால் உறை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் அது இருக்கும். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெறும் ‘முனுசாமி’ என்று கேட்டால், வட ஆற்காட்டிலும் சித்தூரிலும் இருந்து போன எத்தனை முனுசாமிகளில் யாரென்று தேடுவது?

தேசியக் காப்பகம் 1891இல் கல்கத்தாவில் தொடங்கியது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டப்படி, நிரந்தரமாகக் காக்க வேண்டிய மத்திய அரசுக் கோப்புகள் 25 ஆண்டுகள் கடந்தபின் அங்கே போய்ச் சேர வேண்டும். பழைய ராணுவத் துறையின் கோப்புகள் அங்கே குவிந்திருக்கின்றன. ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். ஆனால் அவை துறையின் கடிதப் போக்குவரத்து. ஒரு சிப்பாயின் தனிக்கோப்பு அங்கே போவதில்லை, அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில்தான் இருக்கும். சாப்பர்ஸுக்கு அது பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன். உங்கள் வீட்டிலிருந்து பெங்களூரு எத்தனை மணி நேரம்? டில்லிக்கு ஏன் போக வேண்டும்?

அந்தக் கோப்பில் ‘ஷீட் ரோல்’ என்று ஒரு தாள் உண்டு. மடித்து மடித்து நடுவில் நைந்துபோயிருக்கும். உயரம், மார்பளவு, அங்க அடையாளம், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, பக்கத்து ரயில் நிலையம், இவற்றோடு பெருவிரல் ரேகையும் இருக்கும். போட்டோ எடுக்காத மனிதரின் புருவத்தில் தழும்பு இருந்தது என்று அந்தத் தாள்தான் சொல்லும். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

எல்லாக் கோப்பும் பிழைத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவரின் தாள்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்க விதி இருக்கிறது. என் சித்தப்பா 1946இல் போர் முடிந்த ஆள்குறைப்பில் வீடு திரும்பியவர். நான் வேலையில் சேர்ந்து அவர் கோப்பைத் தேடியபோது ஒன்றும் இல்லை. நிரந்தரமாக வைத்திருக்கும் ‘லாங் ரோல்’ பேரேட்டில் மட்டும் அவருக்கு ஒரு வரி இருந்தது. மங்கிய மையில் எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள். அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ஆகவே கடிதத்தில் ‘கோப்பு இல்லாவிட்டால் லாங் ரோல் பதிவின் நகலையாவது தாருங்கள்’ என்று தவறாமல் எழுதுங்கள். பாட்டி குடும்பப் பென்ஷன் வாங்கியிருந்தால் அந்த ஆணை எண்ணையும் சேருங்கள். வாரிசு என்பதற்கான சான்று நகலும் வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடக் கட்டணம் இல்லை. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். பர்மாவில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள், ஏறத்தாழ 27,000 பேர், தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சில பதிவுகளில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்றுகூட எழுதியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘சாமி’ ‘ஸ்வாமி’ ஆகும், ‘சாமி’யே மூன்று விதமாக வரும். அன்று பெயரைக் காதால் கேட்டு எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியின் பெயர் அந்தப் பதிவில் தென்பட்டால், அம்மா, அதை அச்செடுத்து வீட்டில் மாட்டி வையுங்கள்.

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்துக்கு 2022 முதல் ராணுவப் பணிக்கோப்புகள் மாற்றப்பட்டு வருகின்றன. அவை பிரிட்டிஷ் படையினருடையவை. நம் சிப்பாய்களின் கோப்பு அங்கே கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தாத்தாவின் கம்பெனி (படைப்பிரிவுக்குள் ஒரு சிறு அணி) எண் தெரிந்த பிறகு, அது எந்த நாளில் எங்கே இருந்தது என்பதை அறிய, படையினர் அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்பு உதவும். பர்மாப் போர்முனையின் நாட்குறிப்புகள் கியூவில் ‘டபிள்யூ.ஓ. 172’ என்ற வரிசையில் இருக்கின்றன.

கேள்வி: என் பெரியப்பா 1950களில் திருத்தணி தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். அவருடைய பணிப்பதிவேட்டை எங்கே கேட்பது, சென்னையிலா, ஆந்திராவிலா?
வாசகர், திருத்தணி

பதில்: அவர் மாநில அரசு ஊழியர், ஆகவே தேசியக் காப்பகத்துக்கு இதில் வேலை இல்லை. 1953 அக்டோபர் 1இல் சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போனது. 1960 ஏப்ரல் 1இல் திரும்பி வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஒருவர் இரண்டு அரசுகளிடம் சம்பளம் வாங்கிய காலம் அது. பணிப்பதிவேடு ஊழியரோடு நகரும். அதனால் அவர் எந்த ஊரில், எந்த ஆண்டில் ஓய்வு பெற்றார் என்பதை வீட்டில் கேட்டு எழுதுங்கள். கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில்தான் முதலில் விசாரிக்க வேண்டும். 1953க்கு முந்தைய சென்னை அரசாணைகளைத் தேட வேண்டுமானால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம்.