கேண்டிடேட் கீ: வாசகர் கேள்விகள் மூன்று

கேள்வி: ஒரு தரவுத்தள அட்டவணையின் புலங்களும் அவற்றுக்கிடையிலான ஃபங்ஷனல் டிபெண்டன்சிகளும் (சார்புகளும்) கொடுக்கப்பட்டிருந்தால், எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துத்தான் கேண்டிடேட் கீயை, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும், ஒரு புலத்தைக்கூடக் குறைக்க முடியாத சேர்க்கையை, கண்டறிய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, ஐந்து புலங்களுக்கே 31 சேர்க்கைகள் வந்துவிடும். க, ச, ட, த, ப என்பன புலங்கள் என்றும், கச → ட, ட → த, த → க என்பன சார்புகள் என்றும் கொள்வோம் (கச → ட என்றால், க-வும் ச-வும் தெரிந்தால் ட தெரிந்துவிடும் என்று பொருள்). எந்தச் சார்பின் வலப்பக்கத்திலும் வராத புலத்தைப் பிற புலங்களைக் கொண்டு பெற முடியாது என்பதால், அது ஒவ்வொரு கீயிலும் இருந்தே தீர வேண்டும். இங்கே அவை ச, ப. சார்புகள் எதிலுமே தலைகாட்டாத ப-வைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

சப என்பதன் குளோஷர், அதாவது அதிலிருந்து சார்புகள் வழியே பெறக்கூடிய புலங்களின் தொகுப்பு, அவ்விரண்டோடு நின்றுவிடுவதால் அது மட்டும் போதாது. க-வைச் சேர்த்தால் கச → ட வழியாக ட-வும், ட → த வழியாக த-வும் கிடைத்து ஐந்தும் நிறைகின்றன. ட-வையோ த-வையோ சேர்த்தாலும் அதே சுற்றில் எல்லாம் வந்துவிடும். ஆகவே கசப, சடப, சதப என மூன்று கீகள். இவற்றில் ஒன்றை உள்ளடக்கிய பெரிய சேர்க்கைகள், தேவைக்கு மேற்பட்ட புலங்களும் கொண்ட சூப்பர் கீகள் மட்டுமே. முதல் கீ கிடைத்ததும் பேனாவை மூடிவிடுவது அடுத்த பொதுவான பிழை.

கேள்வி: அட்டவணையில் உள்ள பதிவுகளில் ஒரு சேர்க்கை எங்குமே திரும்ப வரவில்லை. அதைக் கீ என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. பதிவுகளால் ஒரு சார்பைப் பொய்யாக்க முடியும், மெய்ப்பிக்க முடியாது. ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் எண், பயண நாள், பெட்டி, படுக்கை எண் ஆகிய நான்கும் சேர்ந்தால் பயணி யாரென்று தெரிந்துவிடும் என்றே தோன்றும். சில நூறு பதிவுகளைப் பார்த்தாலும் அப்படியே இருக்கக்கூடும். ஆனால் ஆர்.ஏ.சி. (முழுப் படுக்கை இன்னும் உறுதியாகாத) பயணிகள் இருவர் ஒரே பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையைப் பகிர்ந்துகொள்ளும் விதி இருக்கிறதே, அது அந்தச் சார்பை உடைத்துவிடுகிறது. பி.என்.ஆர். எண் ரயிலையும் நாளையும் தீர்மானித்தாலும், ஒரே எண்ணில் பலர் பயணிக்கலாம் என்பதால் அதுவும் தனியே போதாது. பயணிகள் அட்டவணைக்கு அந்த எண்ணோடு, அதற்குள் பயணிக்குரிய வரிசை எண்ணும் சேர வேண்டும். இவ்வாறு சார்புகளைத் துறையின் விதிகளிலிருந்து எழுதிக்கொண்ட பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: கணினியைக் கொண்டு எல்லாக் கீகளையும் விரைவாகக் கண்டுபிடித்துவிட முடியாதா?

பதில்: கீகளின் எண்ணிக்கை சிறிதாக இருந்தால் முடியும். கிடைத்த ஒரு கீயிலிருந்து அடுத்ததைப் பெறும் வழிமுறையை ஆய்வாளர்கள் லுக்கேசியும் ஆஸ்போர்னும் 1978-இல் வெளியிட்டனர். ஆனால் பத்துப் புலங்கள் கொண்ட அட்டவணைக்கே 252 கீகள் வரை இருக்க இடமுண்டு. குறிப்பிட்ட ஒரு புலம் ஏதேனும் ஒரு கீயில் இடம்பெறுமா என்ற எளிய கேள்வியே, விரைவான பொதுத் தீர்வு இதுவரை அறியப்படாத என்பி-கம்ப்ளீட் வகையைச் சேர்ந்தது.