பேய்த் தள்ளுபடியும் பாட்டச் சீட்டும்

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் கணினி விளையாட்டு விற்கும் இணையக் கடைகளுக்குப் பேய் பிடித்துவிடும். ஸ்டீம் என்ற கடை அதற்கு ‘ஸ்க்ரீம் ஃபெஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது. மற்றவர்கள், மேல்நாட்டுப் பேய்த் திருநாளின் பெயரில், ஹாலோவீன் தள்ளுபடி என்கிறார்கள். திகில் விளையாட்டுகள் பாதி விலைக்கும் கால் விலைக்கும் கிடைக்கும். நம் மாவட்டத்தில் இதோடு மழையும், நவம்பர் 1 விடுமுறையும் சேர்ந்துகொள்கின்றன. 1956-ல் குமரி தமிழகத்தோடு இணைந்த நாளைக் கொண்டாட வேண்டியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேய் வாங்கியிருக்கிறார்கள் என்பது வந்து குவிந்த கடிதங்களில் தெரிகிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். புகார்களில் இருந்த கடைப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

499 ரூபாய்க்கு ஒரு விளையாட்டு வாங்கினேன். ஒரு வாரம் கழித்துத் தள்ளுபடி தொடங்கியதும் அதே கடையில் 249 ரூபாய். மீதி 250 ரூபாயைக் கேட்டு வாங்க முடியுமா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

மீதியைத் தர மாட்டார்கள் தம்பி. முழுவதையும் கேளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாள் தாண்டாமல், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். தள்ளுபடிக்குச் சற்று முன் வாங்கியவர், பணத்தைத் திரும்பப் பெற்று உடனே குறைந்த விலைக்கு மறுபடி வாங்குவதை முறைகேடாகக் கருத மாட்டோம் என்று அவர்களுடைய விதியிலேயே எழுதியிருக்கிறது. கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், நாள் ஓடுகிறது. வேறு கடை என்றால் அந்தக் கடையின் விதியைப் படியுங்கள். ஜிஓஜி 30 நாள் தருகிறது. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் தரவிறக்கத்தைத் தொடங்கியிருக்கக் கூடாது.

மிகவும் பயங்கரமானது என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பயமே வரவில்லை. இது பொய் விளம்பரம் இல்லையா?
— தோவாளை வாசகர்

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போய்வருகிறவருக்கு அமெரிக்கப் பேய் என்ன செய்யும்? பயம் வராதது சட்டப்படி குறைபாடு ஆகாது. முதல் 2 மணி நேரத்துக்குள் பயம் வராவிட்டால் அப்போதே திருப்பியிருக்க வேண்டும். நீங்கள் 11 மணி நேரம் விளையாடிவிட்டு எழுதுகிறீர்கள்.

மடிக்கணினியில் விளையாட்டு ஓடவே இல்லை. அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பணத்தைத் திரும்பக் கேட்டால், 4 மணி நேரம் விளையாடிவிட்டேன் என்று மறுக்கிறார்கள். நான் விளையாடவே இல்லையே!
— மார்த்தாண்டம்

விளையாட்டு திறந்திருக்கும் நேரம் முழுவதும் கணக்கில் ஏறும். நீங்கள் பேயோடு ஓடினீர்களா, அமைப்புப் பக்கத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தீர்களா என்று கடிகாரத்துக்குத் தெரியாது.

இது எனக்கும் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் ஒரு கடையில் மடிக்கணினி வாங்கும்போது, “கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா?” என்று கேட்டேன். விளையாட்டின் படங்களை வேகமாக வரைந்து காட்டும் பாகம் அது. “படமெல்லாம் நன்றாகத் தெரியும் சார்” என்றார் விற்பனையாளர். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். அந்த ஆண்டுத் தள்ளுபடியில் ஒரு திகில் விளையாட்டு. இருண்ட வீடு, நீளமான நடை, கடைசியில் ஒரு கதவு. கதவு திறந்தது; ஒரு கை வெளியே வந்தது; வந்த கை அப்படியே நின்றுவிட்டது. மடிக்கணினியின் விசிறி மட்டும் தேங்காய்த் துவையல் அரைக்கும் மிக்சியைப் போல இரைந்துகொண்டிருந்தது. நிழலைக் குறைத்தேன், ஒளியைக் குறைத்தேன், திரையைக் கால்வாசியாகச் சுருக்கினேன். கை ஓர் அங்குலம் நகர்ந்தது. இப்படியே 3 மணி நேரம். என் பணமும் போயிற்று.

அதனால் உங்களைத் திட்ட எனக்கு அருகதை குறைவு. ஆனாலும் திட்டுகிறேன். ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் கீழே ‘குறைந்தபட்சத் தேவை’ என்று எழுதியிருக்கும். பிராசஸர் எது, நினைவகம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எது என்று மூன்று வரி. தள்ளுபடிச் சதவீதத்தைப் படித்த கண் அதைப் படிக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை விண்ணப்பியுங்கள். ஓடாத நேரம்தான் இது என்று விளக்கி எழுதுங்கள். எல்லையைத் தாண்டிய விண்ணப்பத்தையும் பார்ப்போம் என்று ஸ்டீம் சொல்கிறது. பார்ப்போம் என்றுதான் சொல்கிறது, தருவோம் என்று சொல்லவில்லை.

தள்ளுபடியில் 23 விளையாட்டுகள் வாங்கினேன். இரண்டைத்தான் திறந்தேன். நான் செய்தது சரியா?
— பெயர் வேண்டாம், கோட்டாறு

வடசேரிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று 23 பூசணிக்காய் வாங்குவீர்களா? 14 நாள் முடியவில்லை என்றால் திறக்காத 21-ஐயும் திருப்புங்கள்.

கட்டணம் செலுத்தி வாங்கிய விளையாட்டுகள் என் சொத்துதானே? கடையே மூடிவிட்டால் என்ன ஆகும்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், குலசேகரம்

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் பல ஆண்டுகளாகக் காத்திருந்தேன். மற்றவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

உங்கள் ஊரில் நிலத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, விலையாதாரம், அதாவது கிரயப் பத்திரம், எழுதிப் பதிவு செய்து சொந்தமாக வாங்குவது. இன்னொன்று, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து வாழை போடுவது. பாட்டத்துக்கு எடுத்தவர் குலை வெட்டலாம். மண்ணை விற்க முடியாது. இந்த வேறுபாடு நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். பாட்டச் சீட்டைக் கொடுத்துவிட்டு அதற்கு ‘ஆதாரம்’ என்று பெயர் சொன்னால் நாலு பேர் சேர்ந்து சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

விளையாட்டுக் கடைகள் இத்தனை ஆண்டுகளாகச் செய்வது அதைத்தான். பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதியிருக்கும். ஒப்பந்தத்துக்குள் போய்ப் பார்த்தால், நீங்கள் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அதை விற்க முடியாது, அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுக்க முடியாது, உயிலில் பேரப்பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4 என்ற விளையாட்டுக் கருவிக்கு ‘பி.டி.’ என்று ஒரு சிறிய திகில் விளையாட்டு இலவசமாக வந்தது. வளைந்து வளைந்து அதே நடைக்குத் திரும்பும் ஒரு வீடு, அவ்வளவுதான். ஆனால் பார்த்தவர் தூங்கவில்லை. 2015 ஏப்ரலில் வெளியிட்ட கொனாமி நிறுவனமே அதைக் கடையிலிருந்து எடுத்தது. கருவியிலிருந்து அதை அழித்துவிட்டவர்கள் மறுபடி இறக்கப் போனால் கிடைக்கவில்லை. பிறகு அந்த விளையாட்டு உள்ளே இருந்த பழைய கருவிகளை ஆட்கள் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பேய்க் கதையில் வரும் வீட்டைவிட அந்தப் பேய்க் கதையே முழுதாக மறைந்தது.

ஸ்டீமில் இவ்வளவு மோசமில்லை. கடையிலிருந்து நீக்கப்பட்ட விளையாட்டு, முன்பே வாங்கியவரின் நூலகத்தில் பெரும்பாலும் இருக்கும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது: கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் கூடைப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டது. நீங்கள் பெறுவது உரிமம் என்று. பொடி எழுத்துதான். இருந்தாலும், 2003-ல் தொடங்கிய கடை 21 ஆண்டு கழித்தாவது பாட்டத்தைப் பாட்டம் என்று எழுதியது.

போலந்துக்காரர்களின் ஜிஓஜி கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே நிறுவல் கோப்பையே இறக்கி உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமலும் ஓடும். சட்டப்படி அதுவும் உரிமம்தான். ஆனால் நெல் உங்கள் வீட்டுப் பத்தாயத்தில் இருக்கிறது. கடை மூடினாலும் சோறு உண்டு. இறக்கி வைக்காமல் ‘அங்கேதானே இருக்கிறது’ என்று விட்டுவிட்டால் எந்தக் கடையானாலும் ஒன்றுதான். பழைய திகில் விளையாட்டுகளை விரும்புகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிவட்டு ஒன்று வாங்குங்கள் ஐயா.

டெலிகிராமில் ஒருவர் 2,000 ரூபாய் விளையாட்டை 250-க்குத் தந்தார். பணம் அனுப்பியதும் ஒரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்பினார். 9 நாள் விளையாடினேன். பிறகு கடவுச்சொல் மாறிவிட்டது. ஆள் என்னைத் தடை செய்துவிட்டார். அப்பாவுக்குத் தெரியாமல் சேர்த்த பணம்.
— குளச்சல்

வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. 250 ரூபாய்க்குப் போலீஸா என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதுதான் அவனுடைய முதலீடு. இதே கணக்கை அவன் இன்னும் பலருக்கு விற்றிருப்பான். ஒருவரும் புகார் கொடுக்காததால்தான் அடுத்த அக்டோபரிலும் அதே கடையை விரிப்பான்.

உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். 1930-ஐ அழையுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. 9 நாள் போய்விட்டதால் உங்கள் பணம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் அவனுடைய எண் பதிவாகட்டும்.

கடையிடம் முறையிட்டுப் பயனில்லை. கணக்கை விற்பதும் வாங்குவதும் அவர்கள் விதிக்கு எதிரானது. அதே கடவுச்சொல்லை வேறு எங்காவது நீங்கள் பயன்படுத்தியிருந்தால் இன்றே மாற்றுங்கள். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். கடலில் தொழில் செய்கிறவருக்கு ஏமாற்றுகிற வியாபாரியைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், அவன் அப்பாவின் போனிலிருந்து 4,170 ரூபாய்க்குப் பேய் விளையாட்டுகள் வாங்கிவிட்டான். ராத்திரி தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். பணம் வருமா?
— ஒரு தாய், திங்கள்சந்தை

வரும் அம்மா, பெரும்பாலும் வரும். நீங்கள் எழுதிய தேதியைப் பார்த்தால் 14 நாளில் இன்னும் 5 நாள் இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறான் என்று கணக்கில் பாருங்கள். 2 மணி நேரத்துக்குக் குறைவானவை எல்லாவற்றையும் இன்றே திருப்புங்கள். பையன் பயந்துபோய் நிறுத்தியிருப்பான். அந்தப் பயம்தான் இப்போது உங்களுக்குப் பணம்.

பையனை அடிக்காதீர்கள். அவன் அப்பாவிடம் ஒரு கேள்வி: யுபிஐ ரகசிய எண் பையனுக்கு எப்படித் தெரிந்தது? பாலுக்கும் முட்டைக்கும் கடைக்கு அனுப்பும்போது யார் சொல்லிக்கொடுத்தது? அந்த எண்ணை மாற்றச் சொல்லுங்கள். ஸ்டீமில் 2024 முதல் குடும்பக் கணக்கு வசதி இருக்கிறது. பிள்ளை எதையாவது வாங்க நினைத்தால் பெற்றோருக்குக் கேட்டு வரும். அனுமதித்தால்தான் வாங்க முடியும். எந்த விளையாட்டு அவன் கண்ணில் படலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

‘இன்னும் 3 மணி நேரமே’ என்று கடிகாரம் ஓடியது. அவசரமாக வாங்கினேன். மறுநாளும் அதே கடிகாரம், அதே 3 மணி நேரம்.
— தக்கலை

அது மோசடி. போலி அவசரத்தையும் சேர்த்து இப்படிப்பட்ட 13 தந்திரங்களை 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு தடை செய்தது. படம் பிடித்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லுங்கள்.

உண்மையான கடிகாரமும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீம் தள்ளுபடி முடிவது மேற்கு அமெரிக்காவின் காலை 10 மணிக்கு. நமக்கு அது இரவு 10:30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 11:30 ஆகிவிடும். நள்ளிரவு வரை நேரமிருக்கிறது என்று எண்ணி ஏமாந்த நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. அவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை.

வெளிநாட்டுக் கடை. 549 ரூபாய். திரும்பத் தருவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று. நம்மால் என்ன செய்ய முடியும்?
— அருமனை

நிறைய. இந்தியாவில் முறையாகத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு இணையக் கடையையும் 2020 மின்வணிக விதிகள் கட்டுப்படுத்தும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர்கள் ‘தருகிறோம்’ என்று எழுதிய மின்னஞ்சல் உங்களிடம் இருப்பது பெரிய பலம். முதலில் 1915. நடக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த நாட்டில் இருக்கிறது என்று தேடிப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 549 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நீங்கள் போங்கள்.

எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, இந்த ஆண்டு நீங்கள் என்ன வாங்கினீர்கள்?
— இரணியல்

இரண்டு விளையாட்டுகள். ஒன்றை முடித்துவிட்டேன், நன்றாக இருந்தது. மற்றதை இன்னும் திறக்கவில்லை. இன்று 13-வது நாள். இதை அனுப்பிவிட்டுத் திறந்து பார்க்கலாம் என்று இருந்தேன். மதியத்திலிருந்து மழை, இப்போதுதான் மின்சாரம் போயிற்று.