பழைய ராணுவச் சரக்கு விமானங்களுக்கு இறக்கை ஏன் முதுகில் இருக்கிறது?

ஹெர்குலிஸ், கரிபூ இரண்டிலும் இறக்கை உடலின் உச்சியில் பொருத்தப்பட்டிருக்கும். இதற்கு உயர் இறக்கை என்று பெயர்.

காரணம் சரக்குதான். இறக்கை மேலே போய்விட்டால் விமானத்தின் வயிறு தரையை ஒட்டித் தாழ இருக்கலாம். பின்கதவைச் சரிவுப் பலகையாக இறக்கினால் ஜீப் அப்படியே உள்ளே ஏறிவிடும். விசிறிகளும் உயரத்தில் சுழல்வதால், மண் ஓடுபாதையின் கல்லும் புழுதியும் அவற்றை அவ்வளவாக அடிக்காது.

இவற்றுக்கு முந்தைய டக்கோட்டாவைப் பாருங்கள். இறக்கை கீழே, வால் தரையில். நிறுத்தி வைத்தால் உள்தளமே சாய்ந்திருக்கும். பக்கவாட்டுக் கதவு வழியாக மூட்டையைத் தூக்கி வைத்து, அப்புறம் மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், பாவம்! பழைய பேருந்தில் பாட்டி மார்க்கெட் கூடையோடு படியேறுவதற்கும், தாழ்தளப் பேருந்தில் தள்ளுவண்டியோடு நேராக ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மலேசிய விமானப்படையில் கரிபூவும் இருந்தது. ஹெர்குலிஸ் 1976-இல் வந்தது. சிறுவயதில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுபாங்கில் குடியிருந்தோம். ஹெர்குலிஸ் தாழப் பறந்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். அம்மா முணுமுணுப்பார், நான் வாசலுக்கு ஓடுவேன். வயிறு பெருத்த அந்த உருவம் எனக்கு இன்றும் அழகுதான்.

விசிறி இருந்தாலே பழைய பிஸ்டன் இன்ஜின் என்று பலர் நினைக்கிறார்கள். கரிபூவுக்கு அது சரி. 1954-இல் முதன்முதலாகப் பறந்த ஹெர்குலிஸின் விசிறிகளைச் சுழற்றுவதோ, ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன்.